“ஊட்டுல போயி எப்படிச் சொல்லுவீங்க?”

செய்தி வந்தபோது நான் ஒரு சாயப்பட்டறை மேலாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய கழிவுநீர் அறிக்கை அன்று மாலைக்குள் வேண்டுமாம். மாதிரித் தண்ணீரையே அன்று காலையில்தான் கொண்டுவந்திருந்தார். அவரிடம் கத்திக்கொண்டிருந்த வேளையில் கைப்பேசி அடித்தது. கனகவல்லி மேடத்தின் கணவர் சுப்பிரமணியம் பேசினார்.

“ஜெபராஜுங்களா? கனகு போயிட்டாளுங்க. இப்பத்தானுங்க, காத்தால. ஊட்டுலயேதான். வலியில்லாமத்தான் போனா.”

குரல் நடுங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, எப்போது எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டு வைத்தார். அந்த மனிதரால் இந்தச் செய்தியை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்ததே என்றுதான் முதலில் நினைத்தேன். சில வாரங்களுக்கு முன்புவரை தன் மனைவி பிழைக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு அதைப் புரிய வைப்பதுதான் மேடத்துக்குக் கடைசியாக இருந்த கவலை. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மையார் என்னை எப்படியெல்லாம் பாடாய்ப் படுத்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவரைத் தெரிந்தவர்கள் என்னை நம்ப மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு: பல்லடம் சாலையில் ஒரு சிறிய தனியார் ஆய்வகம். தண்ணீர், மண், சாயக்கழிவு எல்லாவற்றையும் பரிசோதித்து அறிக்கை கொடுப்போம். மேடம் மண்ணியல் படித்தவர், ஆய்வகத்தின் பொறுப்பாளர். நான் வேதியியல் படித்துவிட்டு, பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களோடு சேர்ந்து தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவன். என் வேலை சோதிப்பது, எண்ணை எழுதுவது, அடுத்த பாட்டிலை எடுப்பது. அவருடைய வேலையும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆனால் அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்புவது என்ற சாதாரணக் காரியத்தை அவர் ஒருநாளும் சாதாரணமாகச் செய்ததில்லை.

அறிக்கை வாங்க வருகிறவரை உட்கார வைப்பார். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வார். கொங்கு நாட்டு மரியாதை எப்படிப்பட்டது என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் படித்தவர் என்றால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டுவார்கள். திருப்பிக் கேட்டால் அவமரியாதை என்று நினைப்பு. மேடமும் இதே ஊர்க்காரர்தான், ஆனால் அந்தச் “சரிங்க”வைக் கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “சரிங்கறத விடுங்க. ஊட்டுல போயி இத எப்படிச் சொல்லுவீங்க? அத எங்கிட்டச் சொல்லுங்க” என்பார். வந்தவர் தன் சொந்த வார்த்தையில் சரியாகச் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த வரிசையில் நிற்பவர்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொள்ள நான் இருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுவந்தார். பளபளவென்று புளி போட்டு விளக்கிய செம்புக் குடம். தண்ணீரில் துளசி இலை மிதந்தது. கேட்டால், வேட்டித்துணியில் இரண்டு முறை வடிகட்டி எடுத்துவந்தாராம்.

“எதுக்கு ஐயா வடிகட்டுனீங்க?” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆபீசருங்க கையில அழுக்குத் தண்ணியக் குடுக்கலாமுங்களா? ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குக் குடுக்கறாப்பல குடுக்கோணுமில்லீங்க?”

இந்தப் பிழையை உலகத்தில் வேறெந்த ஊர்க்காரரும் செய்ய மாட்டார். மாதிரி செல்லாது, வேறு கொண்டுவாருங்கள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். மேடம் அவரை உட்கார வைத்துவிட்டார். ‘கரைந்த திடப்பொருள்’ என்றால் என்ன என்று தொடங்கினார்.

“சக்கரையத் தண்ணியில கரைச்சு உங்க வேட்டியில வடிகட்டுனா, சக்கரை வேட்டியில நிக்குமுங்களா?”

“அதெப்படிங்க நிக்கும்? தண்ணியோட போயிருமுங்க.”

“உங்க கெணத்துல இருக்கற உப்பும் அப்படித்தானுங்க. கண்ணுக்குத் தெரியாது, துணிக்குச் சிக்காது. ஆனா தென்னை வேருக்குத் தெரியுமுங்க. தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணி இல்லீங்க.”

அதோடு விட்டாரா? செம்புக் குடத்தில் ஏன் எடுக்கக் கூடாது, துளசி போட்டால் எது மாறும், கிணற்றில் எந்த ஆழத்தில் எடுக்க வேண்டும் என்று பெரியவர் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி முடிக்கும்போது என் மதியச் சாப்பாடு ஆறிவிட்டது. அடுத்த வாரம் அவர் கலங்கல் தண்ணீரோடு வந்தார். கூடவே தன் ஊர்க்காரர்களையும் ஒரு டெம்போ நிறையக் கூட்டிவந்தார். அந்தக் கூட்டத்தைப் பார்த்து நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். மேடம் எழுந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்.

ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் என்றாலும் தப்ப முடியாது. ஒருமுறை ஒரு பெரிய கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்தார். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு அன்றே அனுப்ப வேண்டிய அறிக்கை. துணியில் தொங்கும் சீட்டில் ‘மட்கும் தன்மையுடையது’ என்று அச்சடிக்க வேண்டும். மேடம் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே கேட்டார், “மட்கும்னா என்னங்க கண்ணு?”

“மண்ணுல போட்டா மக்கிரும் மேடம்.”

“எந்த மண்ணுல? ஈரம் வேணுமா வேண்டாமா? எத்தன நாளாகும்? மக்குனதுக்கப்புறம் அதுல இருந்த சாயம் எங்க போகும்?”

அவருக்கு ஏசி அறையிலும் வேர்த்தது. மட்குவது என்றால் மாயமாய் மறைவதல்ல, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று செரிப்பது, அவற்றால் தின்ன முடியாதது அப்படியே மிச்சம் கிடக்கும் என்பதை அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் அனுப்பினார். அறிக்கை அன்று போகவில்லை. கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். “என்ன மேடம், ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கவா சம்பளம் வாங்குதோம்?” என்று நான் சண்டைக்குப் போனேன். “பொருள் தெரியாம அச்சடிச்சுத் தொங்க உடறதுக்கு, அச்சடிக்காமயே இருக்கலாமில்லீங்க” என்றார். இப்படிப் பதில் சொல்கிறவரிடம் யார்தான் என்ன பேசுவது?

அவருடைய மேசைக்கு அடியில் ஒரு வாளி நிறைய ஜல்லி எப்போதும் இருக்கும். நிலத்தடி நீர் என்றால் பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்று நினைக்கிறவர்களுக்காக அது. நிறைந்த ஜல்லி வாளியில் செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றிக் காட்டி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்தான் தண்ணீர் நிற்கிறது, நம் ஊரில் ஜல்லிகூட இல்லை, பாறைதான், பாறையின் வெடிப்பில்தான் தண்ணீர் என்பார். அந்த வாளியில் நான் எத்தனையோ முறை இடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஏன் அங்கேயே இருந்தாய் என்று என் மனைவி கேட்பாள். எஸ்தர் விஷயத்தை அவளிடம் சொன்ன பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

எஸ்தர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கைக்குழந்தையோடு ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார். அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே போர்க் கிணறு. தண்ணீரில் ஏதோ வாடை வருகிறது என்று ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சோதித்துப் பார்த்தேன். நைட்ரேட் மிக அதிகம். போருக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருக்க வேண்டும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எண்ணை எழுதி மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பிள்ளையோடு அறிக்கை வாங்க வந்திருந்த எஸ்தரிடம் கேட்ட முதல் கேள்வி, “பாப்பாவுக்குத் தாய்ப்பாலுங்களா, பவுடர் பாலுங்களா?”

“பவுடர்தான் மேடம். எனக்குப் பால் பத்தல. ஆனா தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுத்தான் கரைச்சுக் குடுக்கேன். புள்ளைக்குன்னு ரெண்டு மடங்கு நேரம் கொதிக்க வைப்பேன்.”

மேடம் பிள்ளையின் உதட்டையும் நகத்தையும் பார்த்தார். இரண்டும் நீலம் பாரித்திருந்தன; நைட்ரேட் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு சேரவிடாமல் தடுத்துவிடும். அன்று வேறு எதையும் விளக்கவில்லை. உடனே பையை எடுத்துக்கொண்டு, அவர்களை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். பிள்ளை பிழைத்தது. நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மேடத்தின் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். என்னையும் அழைத்திருந்தார். நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றால், அவர் பட்டுச்சேலையோடு என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, “லைன் ஊட்டுக்கு வுடுங்க ஜெபராஜ்” என்கிறார். அங்கே எல்லா வீட்டிலும் அதே தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள், எஸ்தர் ஒருவருக்குச் சொன்னால் போதுமா என்பது அவர் வாதம். முகூர்த்த நேரம் நெருங்குகிறது என்று நான் சொன்னது காற்றில் போயிற்று.

லைன் வீட்டு வாசலில் பெண்களையெல்லாம் கூட்டினார். ஒரு வீட்டிலிருந்து ரசத்தைப் பாத்திரத்தோடு வாங்கி, முதலில் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அங்கேயே அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினார். மறுபடி ஆளுக்குக் கொஞ்சம் கையில் ஊற்றி ருசி பார்க்கச் சொன்னார்.

“உப்புக் கரிக்குதுக்கா” என்றார் எஸ்தர்.

“காய்ச்சறதுக்கு முன்னால கரிச்சுதுங்களா?”

“இல்ல.”

“உப்பு நான் போடவே இல்லீங்க. தண்ணி ஆவியாப் போச்சு, உப்பு அப்படியே நின்னுபோச்சு. கொதிக்க வெச்சா தண்ணியில இருக்கற கிருமி சாகும். கரைஞ்சிருக்கறது எதுவும் சாகாது, அதுக்கு உசுரே இல்லீங்க. நைட்ரேட்டுங்கறது உப்பாட்டந்தான் கரைஞ்சு நிக்குது. நீங்க எத்தன நேரம் காய்ச்சறீங்களோ அத்தனைக்கு அத்தன கெட்டியாகும்.”

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளைக்காக இரண்டு மடங்கு காய்ச்சியவர் அல்லவா? மேடம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஆறுதல் சொன்ன கையோடு, ஒவ்வொரு பெண்ணையும் திருப்பிச் சொல்ல வைத்தார். பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவரும் பாத்திரத்தைக் காட்டி, குழந்தையைக் காட்டி, இந்தியில் நெடுநேரம் ஏதோ சொன்னார். மேடம் கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

“உங்களுக்கு இந்தி தெரியுமா மேடம்?” என்றேன்.

“தெரியாதுங்க. சொல்லி முடிச்சதும் பாத்திரத்தத் தூக்கிக் கவுத்துட்டுக் கேன் தண்ணியக் காட்டுனாங்களே, பாக்கலீங்களா?”

கிரகப்பிரவேச வீட்டுக்கு நாங்கள் போனபோது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். நாத்தனார் மேடத்தோடு பல மாதங்கள் பேசவில்லை.

இப்படிப்பட்டவர் நோயில் விழுந்தார். கணையத்தில் தொடங்கி ஈரலுக்குப் பரவிவிட்ட புற்றுநோய். கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் பார்க்கப் போன முதல் நாளே, ஒரு இளம் டாக்டர் அவர் கட்டிலருகில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு அந்தப் பையனைப் பிழிந்துகொண்டிருந்தார். டாக்டர் போன பிறகு மேடம் என்னிடம், “தெளிவாத்தான் சொல்றாருங்க. யாரும் கேக்காததுனால பழக்கமில்ல” என்றார்.

ஆக, தனக்கு என்ன என்பது அவருக்கு முழுமையாகத் தெரியும். அவர் கணவருக்குத்தான் தெரியவில்லை. சுப்பிரமணியம் சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர். நல்ல மனிதர். டாக்டர்கள் அவரைக் கூப்பிட்டு, நோய் பரவிவிட்டதை மெட்டாஸ்டாசிஸ் என்றார்கள், இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்பதைப் பேலியேட்டிவ் என்றார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் “சரிங்க டாக்டர்” என்றிருக்கிறார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. வெளியே வந்து சொந்தக்காரர்களிடம், ஏதோ புதிய வைத்தியம் தொடங்கியிருக்கிறார்கள், இன்னும் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டும். தறிச்சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாயெடுத்தாலே கணவர், “அப்படியெல்லாம் பேசாத கனகு” என்று வெளியே போய்விடுவார். ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவர் வீட்டில் இந்தக் கூத்து! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“நீங்களே சொல்லிர வேண்டியதுதானே மேடம்?” என்றேன்.

“எத்தன பேருக்கு எத்தன சொல்லியிருக்கறனுங்க. இவருக்குச் சொல்ல வாய் வர மாட்டீங்குது. அவரு அழுதா நானும் அழுதுருவேன், பாதியில நின்னுபோயிரும்.” என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க ஜெபராஜ்” என்றார்.

“நானா? எனக்கு எண்ணு எழுதத்தான் தெரியும். விளக்கம் சொல்லுறது உங்க வேலை.”

“எங்கிட்டச் சொல்லிப் பாருங்க. சரியாச் சொல்றீங்களான்னு நான் பாக்கறேன்.”

இப்படி ஒரு கொடுமையை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கட்டிலில் கிடக்கும் மனுஷியின் முகத்தைப் பார்த்து, அவர் சாகப் போவதை அவரிடமே ஒப்பிக்க வேண்டுமாம். நான் மாட்டேன் என்று எழுந்தேன். அவர் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, “நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியிருக்கு” என்று தொடங்கினேன்.

“பரவியிருக்குன்னா? எங்க? வெட்டி எடுத்தறலாமில்லீங்களான்னு அவரு கேப்பாரு. அப்ப என்ன சொல்லுவீங்க?”

மறுபடி சொன்னேன். “கொஞ்சம் கஷ்டம்” என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, “கஷ்டம்னா முடியுமா முடியாதுங்களா?” என்றார். மறுபடி சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “இப்பச் சரியா இருக்குதுங்க. போங்க, கேண்டீன்லதான் இருப்பாரு” என்றார்.

கேண்டீனில் சுப்பிரமணியம் குடிக்காத காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். நோய் ஒரே இடத்தில் இல்லை, வெட்டி எடுக்க முடியாது. சென்னைக்குப் போனாலும் இதே மருந்துதான். இப்போது கொடுக்கும் மருந்து வலியைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. அவர் ஒவ்வொன்றுக்கும் “சரிங்க” என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. “சரிங்கன்னு சொல்லாதீங்க! நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க” என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் காப்பியை ஓரமாகத் தள்ளி வைத்தார். “கனகு பொழைக்க மாட்டாளுங்க” என்றார். அப்புறம், “மருந்து வலிக்கு மட்டுந்தானுங்க. ஊட்டுல இருந்தும் அதக் குடுக்கலாமுங்களா?”

“குடுக்கலாம்.”

“அவளுக்கு இது தெரியுங்களா?”

“அவங்கதான் என்னை அனுப்புனாங்க” என்றேன். அவர் வேட்டி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறிப் போனார். நான் பின்னால் போகவில்லை. மறுநாள் மேடம் வீட்டில் இருந்தார். பக்கத்துத் தறிக்காரர் தறியை நிறுத்தட்டுமா என்று கேட்க, ஓடட்டும் என்று மேடமே சொல்லிவிட்டாராம். நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இறந்த அன்று அஞ்சலிப் பதாகை அச்சடிக்கும் ஃபிளெக்ஸ் கடைக்காரர், “‘இயற்கை எய்தினார்’னு போட்டறலாமுங்களா?” என்று கேட்டார். மேடம் இருந்திருந்தால் அவரை உட்கார வைத்து, இயற்கை என்றால் என்ன என்று தொடங்கியிருப்பார். ஏதோ போடுங்கள் என்று சொல்லிவிட்டு இழவு வீட்டுக்குப் போனேன். எஸ்தர் பிள்ளையோடு வந்து ஒரு ஓரமாக நின்றிருந்தார். பிள்ளை இப்போது நன்றாக நடக்கிறது.

எடுக்கும் நேரம் வந்துவிட்டது. வண்டி வாசலில் நின்றது. உடுமலைப் பக்கத்திலிருந்து தாமதமாக வந்த ஒரு சொந்தக்காரர் சுப்பிரமணியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏனப்பா, சென்னைக்குக் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பாளே, இப்படி ஊட்டுல வெச்சுட்டியே” என்றார். கூட்டமும் அதையேதான் கேட்க நினைத்தது போலச் சுற்றி நின்றது.

சுப்பிரமணியம் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். தானும் எதிரில் உட்கார்ந்து, “நோய் ஒரே எடத்துல இல்லீங்க மாமா” என்று தொடங்கினார். எங்கே உண்டானது, எங்கே பரவியது, ஏன் வெட்ட முடியாது, எந்த மருந்து எதற்கு என்று ஒவ்வொன்றாக. நடுவில் புதிதாக யார் வந்தாலும் முதலிலிருந்து சொன்னார். வண்டி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பூசாரி என்னிடம் வந்து, நேரம் தப்புகிறது, நீங்களாவது சொல்லுங்கள் என்றார். நானும் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்துவிட்டேன்.

அந்தச் சொந்தக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். சுப்பிரமணியம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, “உங்க ஊட்டுல அத்தை கேட்டா இத எப்படிங்க மாமா சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

நான் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சொந்தக்காரர் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை வண்டி நின்றது. இத்தனை வருடத்தில் உங்களிடம் ஒருமுறைகூடச் சொல்லாததை இப்போது சொல்கிறேன் மேடம்: அவசரமில்லை, மெதுவாகவே போங்கள்.